தரை எப்படி இருந்தது

நான் கை காட்டாததால் பஸ் நிற்காமல் போனது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அரை மணி நேரம் நடந்திருப்பேன். சரிவில் இறங்கும் பாதை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் ஈரமான வெளி. பெப்ரவரி மாதச் சனிக்கிழமை, மத்தியானம். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இருந்த என் அறைக்கு இன்னும் எட்டு மைலாவது இருக்கும். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. உட்கார மனமில்லை, அவ்வளவுதான். ஏதாவது கெட்டுப்போனால் என் கால்கள் முதலில் புறப்பட்டுவிடும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டது அப்படித்தான். பிறகு ஊரை, கொழும்பை, ஜெர்மனியில் ஒரு முகாமை விட்டதும் அப்படித்தான்.

கோட்டுப் பைக்குள் ஒரு பயிற்சிக் கொப்பி மடிந்து கிடந்தது. நீல மட்டை, நாற்பது பக்கம். அதில் ஒரு நடிகையின் வாழ்க்கையை நான் எழுதியிருந்தேன். அதை எங்கே எறியலாம் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அவர் எனக்கு அறிமுகமானது தோர்ண்டன் ஹீத்தில் ஒரு முதியோர் விடுதியில். எண்பதுகளின் கடைசி அது. பன்னிரண்டு பேர் இருந்த பழைய வீடு. நான் காலை ஷிப்ட். தூக்கி உட்காரவைப்பது, கழுவுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. எங்கள் ஆட்களில் பலர் அந்த வேலைக்கு வந்து இரண்டாம் நாளே நின்றுவிடுவார்கள். எனக்கு அருவருப்பு இல்லை. முன்பு கப்பலில் வேலை செய்தபோது அதைவிட மோசமானதைக் கழுவியிருக்கிறேன்.

மேல் மாடியில் ஜன்னலோர அறை அவருடையது. எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். மெலிந்த உடம்பு, இரண்டு கணுக்கால்களும் வீங்கியிருக்கும். மற்றக் கிழவிகள் கூன் விழுந்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் கதிரையின் முதுகில் சாயாமல் உட்காருவார். அவரை எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். அவர் எல்லோரையும் டார்லிங் என்று கூப்பிட்டார். தபால்காரனும் டார்லிங், டாக்டரும் டார்லிங், கழிவறைக் குழாய் திருத்த வந்தவனும் டார்லிங். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, பெயரை மறந்துபோனால் மறைக்க அது நல்ல வழி என்று விளங்கியது.

நாங்கள் பேசியது ஆங்கிலம். என் ஆங்கிலம் அப்போது அரைகுறை. அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே இங்கே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் நினைவில் நிற்கிறது.

அவர் ஹாலிவுட்டில் நடிகையாக இருந்தவர் என்று மேற்பார்வை நர்ஸ் எனக்கு முதல் நாளே சொன்னார். சொல்லும்போது கண்ணைச் சிமிட்டினார். அங்கே ஒருவர் தன்னை விமானி என்று சொல்லிக்கொண்டிருந்தார், இன்னொருவர் அரசரின் உறவு. ஆகவே ஒருவரும் மிஸ்ஸை நம்பவில்லை. நான் நம்பினேன். காரணம், நான் ஒரு வருடம் படப்பெட்டி சுமந்தவன். இரண்டு தியேட்டர்களுக்கு ஒரே படம் வரும். இங்கே ஒரு சுருள் ஓடி முடிந்ததும் சைக்கிளில் கட்டிக்கொண்டு மற்றத் தியேட்டருக்கு ஓடவேண்டும். ஒரு படத்தைத் துண்டு துண்டாக, முன்பின்னாகப் பார்த்துப் பழகியவன் நான். மிஸ் தன் வாழ்க்கையைச் சொன்னதும் அப்படித்தான்.

"எந்த வருசம் அமெரிக்காவுக்குப் போனீங்கள், மிஸ்?"

"வருசம் ஆருக்குத் தெரியும், டார்லிங்? தரையைக் கேள், சொல்லுறன்."

அவர் எல்லாவற்றையும் தரையை வைத்தே நினைவில் வைத்திருந்தார். லண்டனின் கிழக்கே, அவர் பிறந்த பார்க்கிங் என்ற ஊரில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மண்டபம். அங்கே ஏழு வயதில் ஆடப் பழகினார். பலகைத் தரை. ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை தளர்ந்திருந்தது, அதில் கால் பட்டால் மட்டும் வேறு சத்தம். மற்றப் பிள்ளைகள் அதைத் தவிர்ப்பார்கள். இவர் வேண்டுமென்றே அதில்போய் மிதிப்பார். பிறகு கப்பலின் தரை. பதினேழு வயதில் ஆட்டக்காரிகளின் கூட்டமொன்றோடு நியூயோர்க் போனபோது, பயணிகள் சாப்பிடும் நேரத்தில் ஆடவேண்டும். கப்பல் சரியும் பக்கத்தைக் கால்தான் முதலில் அறியும். "வயிறு பிறகுதான் அறியும்," என்பார்.

பிறகு ஹாலிவுட்டின் தரை. அது கறுப்பு. கண்ணாடிபோல மினுங்கும். ஆடுகிறவளின் உருவம் தலைகீழாகத் தரையிலும் தெரியவேண்டும். அதுதான் அந்தக் காலத்து மோஸ்தர். ஒரு குதிக்கால் கீறல் விழுந்தால் காட்சி கெட்டுவிடும். ஆகவே எல்லோரும் சப்பாத்துக்கு மேலே கம்பளித் துணியால் உறை போட்டுக்கொண்டு நிற்பார்கள். காமிரா ஓடப்போகிற நேரத்தில்தான் உறையைக் கழற்றவேண்டும். ஒவ்வொரு தடவை ஆடி முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் முழங்காலில் நின்று தரையைத் துடைப்பார்கள்.

"நாங்கள் நாப்பது பொம்பிளையள், உறை போட்ட காலோட வாத்து மாதிரி நிப்பம். அவங்கள் துடைப்பாங்கள். ஒருத்தரும் கதைக்க மாட்டம். தேவாலயம் மாதிரி. பிறகு ஒருத்தன் விசில் அடிப்பான். உறை போயிடும், நாங்கள் தேவதையள்."

அந்த நாற்பதில் ஒருத்தியாக இரண்டு வருடம். பிறகு ஒருநாள் முன் வரிசையில் ஒருத்திக்குக் காய்ச்சல். இவரை முன்னே நிறுத்தினார்கள். ஸ்டுடியோ ஒப்பந்தம் தந்தது. ஏழு வருடம் என்று எழுதியிருக்கும், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். இவர் சொல்ல முடியாது. பல்லை அராவினார்கள். நெற்றி சின்னதாக இருக்கிறதென்று மின்சார ஊசியால் முன்மயிரை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அதற்கு நான்கு மாதம் ஆனது. பெயரை மாற்றினார்கள். பிறந்த இடத்தையும் மாற்றினார்கள். பார்க்கிங்கில் சுருட்டுக் கடைக்காரரின் மகள், அயர்லாந்தில் ஒரு பிரபுவின் பேத்தியானாள். அதை எழுதித் தரவென்றே ஒரு ஆள் இருந்தானாம். பத்திரிகைக்காரர் வந்தால் அவன் எழுதியதை மட்டும் சொல்லவேண்டும்.

பதினொரு படங்கள். அவற்றில் இரண்டில் கதாநாயகி. பத்து நாளில் எடுத்து முடிக்கிற மலிவான படங்கள், ஆனாலும் சுவரொட்டியில் முகம் இருந்தது. பிறகு ஒரு பெரிய படத்தில், வீடளவு உயரமான முரசு ஒன்றின்மேல் ஆடச் சொன்னார்கள். முரசின் மேல்தோலுக்குப் பூசிய வர்ணம் காயவில்லை. இவர் காலில் அது பிடித்துக்கொண்டது, உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. இடது கணுக்கால் மூன்று இடத்தில் முறிந்தது. அடுத்த ஆறு மாதக் கெடு வந்தபோது ஸ்டுடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அதே ஸ்டுடியோவில், ஒரு சிறிய அறைக்குள், ஒரு சதுரப் பலகைமேல் நின்று, திரையில் ஆடுகிற மற்றப் பெண்களின் கால்களுக்குச் சத்தம் கொடுத்தார். ஆடும்போது பதிவாகும் சத்தம் சரியாக இராதாம். பிறகு தனியாகத் தட்டிச் சேர்ப்பார்களாம். முறிந்த கால் நாள்முழுக்க ஆடாது. ஆனால் மூன்று நிமிடம் தட்டும். "என்ர முகம் ஓடினதைவிட என்ர சத்தம் கனகாலம் ஓடினது, டார்லிங்."

கடைசியில் கலியாணம், அதுவும் முறிந்து லண்டனுக்கு வந்து, ஒரு நாடக அரங்கில் பார்வையாளர்களின் மேலங்கிகளை வாங்கி வைக்கும் அறையில் இருபது வருடம். அங்கே கம்பளம். கம்பளத்தைப் பற்றி அவரிடம் கதை ஒன்றும் இல்லை.

இவற்றை அவர் ஒருபோதும் இந்த ஒழுங்கில் சொன்னதில்லை. முகம் கழுவும்போது கப்பல் வரும், சூப் குடிக்கும்போது முரசு வரும். ஒரே கதை இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. ஒரு தடவை துடைத்தவர்கள் பத்துப் பேர், இன்னொரு தடவை இருபது. நான்தான் இப்போது அடுக்கி எழுதுகிறேன். அடுக்கும்போது எனக்குக் கை கூசுகிறது. ஏனென்று சொல்கிறேன்.

விடுதியை விற்கப்போகிறார்கள் என்று கார்த்திகை மாதத்தில் தெரிந்தது. பிள்ளைகள் இருந்தவர்களைப் பிள்ளைகள் வேறு இடம் பார்த்துக் கொண்டுபோனார்கள். ஆட்கள் இல்லாதவர்களுக்குக் குரோய்டனுக்கும் தெற்கே ஒரு பழைய ஆஸ்பத்திரியின் நீண்டகால வார்டு. அங்கே போனவர்கள் திரும்பி வருவதில்லை. மிஸ்ஸோடு அந்த நாடக அரங்கில் வேலை செய்த தோழி ஒருத்தி அங்கேதான் செத்தார். மிஸ் போய்ப் பார்த்திருக்கிறார்.

"அவளின்ர காலில வேற ஆரின்ரயோ சொக்ஸ்," என்றார் என்னிடம். "வாயில வேற ஆரின்ரயோ பல்லு. நான் அங்க போகமாட்டன், டார்லிங். நீ என்னைப் படியில தள்ளி விடு, அது நல்லம்."

இன்னொரு வழி இருந்தது. மேடையிலும் படத்திலும் உழைத்து ஓய்ந்தவர்களுக்கென்று ஒரு தர்ம இல்லம். தோட்டம், பியானோ, மரத்தளம் போட்ட கூடம். ஒரு அறை காலியாக இருந்தது. நர்ஸ் எழுதிப்போட்டார். மூன்று பேர் வந்து பார்ப்பார்கள் என்று பதில் வந்தது. அந்தத் தொழிலால் பத்து வருடமாவது சீவித்தவர் என்று அவர்களுக்குத் திருப்தி வரவேண்டும். அத்தாட்சிகளை எடுத்து வைக்கவும்.

அத்தாட்சி என்று ஒரு பிஸ்கட் டின்னுக்குள் ஒன்பது புகைப்படங்கள் இருந்தன. அவற்றில் ஸ்டுடியோ வைத்த பெயர். பிறப்புப் பத்திரத்தில் பார்க்கிங் பெயர். பாஸ்போர்ட்டில் கலியாணம் செய்தவனின் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று சொல்ல ஒரு கடதாசி இல்லை. நான் கட்டில் விளிம்பில் இருந்து அந்த மூன்றையும் பார்த்தேன். இதைப்போல எத்தனை டின்களை நான் பார்த்திருக்கிறேன். இது எங்கள் ஆட்களின் கேஸ், வேறொன்றுமில்லை என்று பட்டது.

என் அறையை என்னோடு பங்குபோட்டவர் ஒரு அண்ணை. ஊரில் காணிப் பத்திரம் முடிக்கும் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுகிறவராக இருந்தவர். இங்கே, அகதிக்கு விண்ணப்பிக்கும் எங்கள் ஆட்களுக்கு அவர்தான் கேஸ் எழுதிக் கொடுப்பார். தமிழில் ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் அதை வக்கீல் ஆங்கிலத்தில் மாற்றுவிப்பார். என்னுடையதையும் அவர்தான் எழுதினார். என்னை இரண்டு தரம் பிடித்தார்கள், இரண்டு தரமும் அடித்தார்கள், எது முந்தி எது பிந்தி என்று எனக்கே குழம்பும். அண்ணை இரண்டையும் ஒன்றாக்கி, ஒரு நாள், ஒரு இடம், ஒரு ஆள் என்று தைத்தார். குரோய்டனில் குடிவரவு அலுவலகம் இருந்த உயரமான கட்டடத்தில் என்னை விசாரித்தபோது அதைத்தான் சொன்னேன். ஒரு வருட விசா வந்தது. ஆகவே அந்த முறையில் எனக்கு நம்பிக்கை இருந்தது.

"என்னடா, உன்ர கிழவிக்கும் கேஸோ?" என்று அண்ணை சிரித்தார். "எந்த இயக்கமாம்?"

"பகிடி விடாதேங்கோ, அண்ணை. அவவுக்கு மூண்டு பேர். கடதாசி இல்லை. ஆக்கள் வந்து கேள்வி கேக்கப்போகினம்."

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிப்பை விட்டார். "கேஸ் நல்ல கேஸ்தான். மனிசி கதைச்சுத்தான் கெடுக்கப்போகுது. கிழடுகள் அப்பிடித்தான், ஒரு கேள்விக்கு ஒம்பது கதை. நீ என்ன செய், ஒழுங்கா எழுது. வருசம் போடு. தெரியாட்டி ஒரு வருசத்தை முடிவு பண்ணிப் போடு, ஆனா பிறகு மாத்தாதை. எத்தினை தரம் கேட்டாலும் அதே சொல்லு வரவேணும். எழுதாததைக் கேட்டால்?"

"ஞாபகம் இல்லை எண்டு சொல்லவேணும்."

"ஓம். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

மூன்று வாரம். ஒவ்வொரு நாளும் என் ஷிப்ட் முடிந்தபின் மேலே போய் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்து எழுதினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வசனமாக. நான் பார்க்கிங்கில் பிறந்தேன். நான் இன்ன வருடம் கப்பலில் போனேன். நான் பதினொரு படத்தில் நடித்தேன். வருடங்களை அவருடைய வயதிலிருந்து கணக்குப் பார்த்துப் போட்டேன். தரைகள் எல்லாவற்றையும் விட்டேன். உறை, வாத்து, விசில், தளர்ந்த பலகை ஒன்றும் இல்லை. அவை அளக்கிற கதைபோல எனக்குத் தெரிந்தன. குரோய்டனில் போய் ஒருவன் பொலிஸ் நிலையத்தின் தரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

அவருக்கு மனப்பாடம் நன்றாக வந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இது எனக்குப் பழக்கம், டார்லிங்," என்றார். "அங்கயும் ஒருத்தன் எழுதித் தந்தவன். அவன்ர கதை உன்ரயைவிட வடிவு. எனக்கு அதில ஒரு குதிரை இருந்தது."

"இதில எல்லாம் உண்மை, மிஸ்."

"அதுதான் கொஞ்சம் சப்பெண்டு கிடக்கு."

நடுவில் கப்பல் சரிந்ததைச் சொல்லத் தொடங்குவார். நான் கையை உயர்த்துவேன். நிறுத்திவிடுவார். திரும்பவும் முதலிலிருந்து சொல்வார். மூன்றாம் வாரத்தில் நான் கையை உயர்த்தத் தேவை இருக்கவில்லை.

வந்தவர்கள் இரண்டு பெண்களும் ஒரு வயதானவரும். பெண்களில் ஒருத்தி கோப்பு வைத்திருந்தார். வயதானவர் ஒல்லி, கழுத்தில் பட்டு லேஞ்சி, கையில் தடி. உட்கார்ந்தபோது பாதங்கள் இரண்டும் தாமாகவே வெளிப்பக்கம் திரும்பி நின்றன. அதைக் கண்டபோதே நான் யோசித்திருக்கவேண்டும். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு கதவடியில் நின்றேன்.

கோப்புக்காரி கேட்டார், மிஸ் சொன்னார். பிறந்தது, போனது, நடித்தது. முதுகு சாயாமல், ஒரு சொல் பிசகாமல். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க முடியாது. அண்ணை இருந்து பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

கோப்புக்காரி அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார். மிஸ் அதே வசனத்தைச் சொன்னார். அதே இடத்தில் மூச்சு எடுத்தார். மூன்றாம் தடவையும் அப்படியே. பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"படங்கள் நல்ல வடிவு," என்றார் மற்றப் பெண் மெதுவாக. "ஆனால் இப்பிடிப் படங்கள் சந்தையில பெட்டி பெட்டியா விக்கினம், தெரியுந்தானே."

அப்போது அந்த வயதானவர் முன்னே குனிந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. உதவி செய்கிற சிரிப்பு. "அதை விடுங்கோ," என்றார். "நானும் இரண்டு வருசம் அங்க ஆடினனான். எனக்கு ஒண்டைச் சொல்லுங்கோ. அந்த ஸ்டுடியோவில தரை எப்பிடி இருந்தது?"

மிஸ் வாயைத் திறந்தார். கண்ணில் அது வந்துவிட்டதை நான் கண்டேன். கறுப்புத் தரை, துடைக்கிறவர்கள், எல்லாம் வந்துவிட்டன. பிறகு அவர் என்னைப் பார்த்தார். நான் கையைத் தூக்கவில்லை. தட்டுத்தான் கையில் இருந்தது. அவர் வாயை மூடி, திரும்பவும் திறந்து சொன்னார்.

"ஞாபகம் இல்லை."

"தரை," என்றார் அவர் இன்னொரு தடவை, கெஞ்சுவதுபோல. "காலில என்ன போட்டனீங்கள்?"

"ஞாபகம் இல்லை."

எனக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், கறுப்புத் தரை, உறை போட்டு..." என்று சொல்லிவிட்டேன். கோப்புக்காரி திரும்பி என்னைப் பார்த்தார். "தயவுசெய்து அவவே சொல்லட்டும்," என்றார். கோபம் இல்லை. கோப்பை மூடினார், அவ்வளவுதான். வயதானவர் தன் தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான்தான் இந்த அம்மாவுக்குக் கதை கட்டிக் கொடுத்தவன் என்று விளங்கிவிட்டது. அது பொய்யும் இல்லை.

அவர்கள் போனபின் மிஸ் சந்தோசமாக இருந்தார். "ஒரு சொல்லும் பிழைக்கேல்லை, கண்டியே," என்றார். நான் தேத்தண்ணீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினேன்.

கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. மரியாதையான கடிதம். அவர்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை. நான் அன்றைக்கே பதில் எழுதினேன். பிழை என்னுடையது, நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அவருக்கு எல்லாத் தரையும் தெரியும், தயவுசெய்து இன்னொரு தடவை வாருங்கள் என்று. என் ஆங்கிலத்தில் என்ன விளங்கியதோ தெரியாது. ஆனால் பதில் வந்தது, அந்த வயதானவரின் கையெழுத்தில். அறை வேறொருவருக்குப் போய்விட்டது, பங்குனியில் இன்னொரு அறை வரலாம், அப்போது அவரே தனியாக வந்து மிஸ்ஸைப் பார்ப்பார், அதுவரை மிஸ்ஸுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவேண்டாம் என்று இருந்தது.

தை முதல் கிழமையில் விடுதியைப் பூட்டினார்கள். மிஸ்ஸை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினார்கள். அவர் வாசற்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கையை விடுவித்தது நான்தான், அது என் வேலை. பிஸ்கட் டின்னை மடியில் வைத்தேன். "பங்குனி மட்டும்தான், மிஸ்," என்றேன்.

மூன்று சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். இரண்டு வரிசைக் கட்டில்கள், நடுவில் ஒரு டிவி எப்போதும் கத்திக்கொண்டிருக்கும். முதல் சனி, டின் காணாமல்போயிருந்தது. இரண்டாம் சனி, அவர் காலில் ஆணின் சொக்ஸ், நரை நிறம், ஒன்று நீளம் மற்றது கட்டை. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் குனிந்து இரண்டையும் ஒரே அளவுக்கு மடித்துவிட்டேன்.

மூன்றாம் சனிதான் நான் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்த அந்தச் சனி. பங்குனிக்கு மூன்று கிழமை இருந்தது. சொல்லிக் கொடுக்கவேண்டாம் என்றுதான் அந்த வயதானவர் எழுதியிருந்தார். நான் சொல்லிக் கொடுக்கப் போகவில்லை. சொல்லிக் கொடுத்ததை எடுத்துவிடத்தான் போனேன். கொப்பியைக் கொண்டுபோய் மிஸ்ஸின் முன்னால் கிழிக்கலாம் என்று நினைத்தேன்.

"மிஸ், நான் எழுதினதை மறந்துவிடுங்கோ," என்றேன். "பழைய மாதிரிச் சொல்லுங்கோ. கப்பலைச் சொல்லுங்கோ."

அவர் முதுகை நிமிர்த்தினார். "நான் பார்க்கிங்கில் பிறந்தேன்," என்று தொடங்கினார். என் வசனம். என் அரைகுறை ஆங்கிலம், என் பிழைகளோடு. திருத்தமாகப் பேசப் பழக்கவென்றே ஸ்டுடியோ ஆள் வைத்திருந்த ஒரு நடிகையின் வாயிலிருந்து அது வந்தது. நாற்பது பக்கத்தையும் சொன்னார். அடுத்த கட்டில்காரி திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அது இல்லை, மிஸ். தளர்ந்த பலகை. ஜன்னலுக்குக் கீழ. அதில மிதிச்சால் என்ன சத்தம் வரும்?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். விடை அங்கே எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுவதுபோல.

"முரசு, மிஸ். அந்த முரசுக்கு மேல வர்ணம்."

"ஞாபகம் இல்லை."

"கறுப்புத் தரை. நாப்பது பொம்பிளையள், வாத்து மாதிரி."

"ஞாபகம் இல்லை," என்றார். பிறகு என் கையைத் தட்டி, தாழ்ந்த குரலில் கேட்டார். "சரியாச் சொன்னனானோ, டார்லிங்?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? போர்வையை இழுத்துவிட்டு வந்தேன். கொப்பியைக் கிழிக்கவில்லை. கிழித்து என்ன பயன், அது அவருக்குள் இருக்கிறது.

பேர்லி என்ற இடத்தைத் தாண்டும்போது கால் நோகத் தொடங்கியது. வழியில் இரண்டு குப்பைத் தொட்டிகள் இருந்தன. இரண்டிலும் நின்றேன், இரண்டிலும் போடவில்லை. அவரைப் பற்றி எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான், அதிலும் தரை ஒன்றும் இல்லை. குரோய்டனில் அந்த உயரமான கட்டடம் சனிக்கிழமை ஆதலால் வெளிச்சமில்லாமல் நின்றது. அதற்குள் நான் சொன்ன கதை ஏதோ ஒரு அலுமாரியில் இருக்கும். நடந்தபடியே என்னைப் பிடித்த அந்த முதல் தடவையை நினைத்துப் பார்க்க முயன்றேன், அண்ணை தைப்பதற்கு முன் இருந்த மாதிரி. எழுதியதுதான் வந்தது. ஒரு நாள், ஒரு இடம், ஒரு ஆள். இரண்டாவது எங்கே போனதோ. அடித்த அறையின் தரை எப்படி இருந்தது என்று என்னையே கேட்டேன். சிமெந்தா, ஓடா? தெரியவில்லை. நான் அதிலே முகம் குப்புறக் கிடந்தவன்.

அறைக்கு வரும்போது மாலை ஐந்து மணி இருக்கும். அண்ணை பருப்புக் கறி வைத்துக்கொண்டிருந்தார்.

"மனிசி எப்பிடி?"

"மறந்துபோனா, அண்ணை. நான் எழுதினதைத் தவிர எல்லாத்தையும்."

அவர் அகப்பையைக் கீழே வைத்தார். எனக்குச் சோறு போட்டுத் தந்தார். சாப்பிட்டு முடிந்தபின்தான் பேசினார். "நாளைக்குப் புதுசா மூண்டு பேர் வருகினம். எனக்குக் கண் தெரியேல்லை. விடுதியும் பூட்டியாச்சு, உனக்கும் வேலை இல்லை. உன்ர கையெழுத்து முத்துமாதிரி. காலமை ஒம்பது மணிக்கு இரு, நீ கேட்டு எழுது. நல்ல சம்பளம் தருவன்."

"எனக்கு ஏலாது, அண்ணை."

"ஏன்? பாவம் எண்டோ? நீ எழுதாட்டில் அவங்கள் போய் உளறிப்போட்டு வருவாங்கள். திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியும்."

"தெரியும். நீங்கள் செய்யிறது பிழை எண்டு நான் சொல்லேல்லை. நீங்கள் எழுதினதாலதான் நான் இஞ்ச நிக்கிறன்."

"பிறகென்ன?"

"நான் எழுதமாட்டன்."

அண்ணை தட்டுகளை எடுத்து அடுக்கினார். "விசரன்," என்றார். பிறகு தன் மற்றப் போர்வையை என் பக்கம் தூக்கிப் போட்டார். அன்று குளிர் அதிகம்.

பங்குனியில் அந்த வயதானவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அவர் எனக்கு எழுதிய இரண்டு வரிக் கடிதத்தில் அது தெரிந்தது. அறை காலியாகத்தான் இருந்ததாம். மிஸ் என்ன சொன்னார் என்று அவர் எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்தச் சனிக்குப் பிறகு நான் மிஸ்ஸைப் பார்க்கப் போகவில்லை. போயிருக்கவேண்டும். கோடை முடியுமுன் செத்துப்போனார் என்று விடுதியின் பழைய நர்ஸ் என்னை பஸ்ஸில் கண்டபோது சொன்னார்.

அண்ணையிடம் எழுதமாட்டேன் என்று சொன்னதற்கு அடுத்த நாள் ஞாயிறு. காலை ஆறரைக்கே எழுந்து வெளியே போனேன். நோர்பரிப் பக்கம், ரயில் பாலத்துக்குக் கீழே, மீன் பொரியல் கடைகளுக்கு உருளைக்கிழங்கு உரித்து அனுப்பும் ஒரு கொட்டகை இருந்தது. ஆள் தேவை என்று கதவில் எழுதியிருந்ததை முன்பே பார்த்திருந்தேன். மேற்பார்வைக்காரன் என் பெயரைக் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தாய், எப்போது வந்தாய் என்றும் கேட்கவில்லை. சப்பாத்து எத்தனை என்று கேட்டான். எட்டு என்றேன். எட்டு இல்லை, ஒன்பதில் ஒரு சோடி றப்பர் பூட்ஸ் தந்தான்.

மெஷின் தோலை உரித்துவிடும். கிழங்கின் கண்களை மட்டும் கத்தியால் தோண்டி எடுக்கவேண்டும். தொட்டித் தண்ணீர் பனிக்கட்டிபோல இருந்தது. தரை சிமெந்து. நடுவில் கழிவுத் தண்ணீர் ஓடும் கானை நோக்கிச் சரிவு. கான் பக்கத்தில் பாசி பிடித்து வழுக்கும், சுவர்ப் பக்கம் ஒரு இடத்தில் சிமெந்து பெயர்ந்து சரளைக்கல் தெரியும், அதில் நின்றால் வழுக்காது. நான் அந்த இடத்தில் போய் நின்றுகொண்டேன்.